பேணுநர் என்று யாரைச் சொல்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய ஆவணங்களில் படரும் பூஞ்சணம் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பூஞ்சணத்தை விட்டுவிட்டு, பழைய பொருட்களைச் சிதையாமல் காக்கும் பேணுநர் வேலையைச் செய்யும் தகுதி யாருக்கு உண்டு, அந்தத் தகுதியை யார் வழங்குவது என்றே கேட்கின்றன. எனவே இம்முறை அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். கலைப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்திருக்கிறேன். எங்கள் வாசிகசாலையில் கிடந்த பழைய செக்ரோல் புத்தகங்களையும் (தொழிலாளரின் பெயர்ப் பதிவேடுகள்) தொழிற்சங்கப் பத்திரிகைகளையும் மூன்று வருடங்களாகத் தூசு தட்டிப் பெட்டியிட்டு வைத்து வருகிறேன். அண்மையில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் "உங்களுக்கு என்ன தகைமை இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அங்கீகாரம் பெற்ற பேணுநர் ஆவதற்கு நான் என்ன படிக்க வேண்டும்?

பதில்: அவர் கேட்டது படித்துப் பெறும் பட்டத்தையா, தொழிலில் நின்று பெறும் அங்கீகாரத்தையா என்பது அவருக்கே தெளிவாக இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். இரண்டும் வேறு வேறு. பட்டம் என்பது நீங்கள் ஒன்றைக் கற்றீர்கள் என்பதற்குப் பல்கலைக்கழகம் தரும் சாட்சி. அங்கீகாரம் என்பது, கற்றதை ஒரு பொருளின் மேல் கை வைக்கும்போது சரியாகப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு அதே தொழிலில் இருக்கும் மூத்தவர்கள் தரும் சாட்சி. மருத்துவருக்கும் சட்டத்தரணிக்கும் இருப்பது போன்ற சட்டப்படியான உரிமப் பதிவு நம் நாட்டில் பேணுநருக்கு இல்லை. ஆகவே நாளைக்கே யாரும் தம் வாசலில் "மரபுரிமைப் பேணுநர்" என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவிலும் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அங்கே தொழிலில் இருப்பவர்களே கூடி அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டார்கள்.

எப்படி நிரப்பினார்கள் என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அந்த முறையிலேயே உங்களுக்கான பதிலும் இருக்கிறது. ஐகன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பேணல் நிறுவகம், தனித்தனியாக இயங்கிய பல சங்கங்கள் 2005இல் ஒன்றிணைந்தபோது பிறந்தது. அதற்கு முன்னரே, 1990களின் இறுதியில், அச்சங்கங்கள் சேர்ந்து ஓர் அங்கீகார முறையை வகுத்திருந்தன. அதில் எழுத்துப் பரீட்சை இல்லை. விண்ணப்பிப்பவர் தாம் செய்த வேலைகள் சிலவற்றை விரிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அவருடைய வேலைத்தளத்துக்கே வந்து, அந்த வேலைகளை முன்னால் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். பொருளின் நிலையை எப்படி மதிப்பிட்டீர்கள், என்னென்ன வழிகள் உங்கள் முன் இருந்தன, அவற்றுள் இதை ஏன் தெரிந்தீர்கள், மற்றவற்றை ஏன் விட்டீர்கள், செய்த பின் என்ன ஆயிற்று என்று கேள்விகள் போகும். தொடக்க நிலையாளர் முதல் துறைபோகியவர் வரை ஐந்து படிகள் கொண்ட ஓர் அளவுகோலில், பிறர் மேற்பார்வையின்றிச் சிக்கலான வேலையைத் தாமே முடிவெடுத்துச் செய்யக்கூடிய நான்காம் படியை எட்டியிருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். கையின் நேர்த்தியோடு, அந்தக் கைக்குப் பின்னால் இருக்கும் தீர்ப்பையும் அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் நிலை. உங்கள் மூன்று வருட வேலையைப் பற்றி எழுத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்? எந்தப் புத்தகம் எந்த நிலையில் வந்தது, எந்தத் தூரிகையால் துடைத்தீர்கள், எந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்ற பதிவு இல்லையென்றால், அன்பும் உழைப்பும் நிறைந்த அந்த மூன்று வருடங்களை எந்த மதிப்பீட்டாளர் முன்னாலும் காட்ட முடியாது. கடுமையாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். என்னிடம் பயில வந்தவர்கள் அனைவரிடமும் முதல் நாளில் சொன்னது இதுதான்.

படிப்பைப் பொறுத்தவரை, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறை இருக்கிறது. ஹட்டனிலிருந்து போய்வரத் தூரமும் அதிகமில்லை. பட்டத்தின் பின், களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1986இல் தொடங்கப்பட்ட தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவகம் கொழும்பில் இருக்கிறது. கட்டடங்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நினைவுச்சின்னங்களைப் பேணுவதற்கான முதுமாணிக் கற்கைநெறி உண்டு. தாள், புடவை, ஓவியம் ஆகியவற்றைப் பேணுவதற்கென்று தனியான நீண்ட கற்கைநெறியை நாடுபவர்கள் பெரும்பாலும் கடல் கடக்க வேண்டியிருக்கிறது. ரோமில் இயங்கும் இக்ரோம் என்ற, பண்பாட்டுச் சொத்துகளைப் பேணுவதற்கான பன்னாட்டு அமைப்பில் இலங்கையும் உறுப்பு நாடு. அதை அமைக்கும் தீர்மானம் 1956இல் புதுடில்லியில் கூடிய யுனெஸ்கோ பொதுமாநாட்டில் எடுக்கப்பட்டது. அதன் குறுகிய காலப் பயிற்சிகளுக்கு உலகெங்குமிருந்து விண்ணப்பங்கள் வருவதால் போட்டி கடுமையானது. தெரிவாவதற்கு நீங்கள் ஏற்கெனவே செய்த வேலையின் பதிவு பெரிதும் உதவும்.

கேள்வி: என் தாத்தாவின் இந்தியக் கடவுச்சீட்டையும் பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழையும் நகரத்தில் ஒரு கடையில் லெமினேட் செய்து வைத்திருக்கிறோம். இப்போது எழுத்து மங்குகிறது. "நான் பேணல் நிபுணர், பிரித்துத் தருகிறேன்" என்று ஒருவர் முன்வந்திருக்கிறார். நம்பிக் கொடுக்கலாமா? (நுவரெலியாவிலிருந்து)

பதில்: 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின் நம்மவர் வாழ்வு இத்தகைய கடதாசிகளில் எப்படித் தொங்கிக்கொண்டிருந்தது என்பது மலையகத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம்மவரில் யாருக்கு இந்தியப் பிரஜாவுரிமை, யாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பங்கிட்ட 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் எத்தனையோ குடும்பங்கள் இவற்றைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக் காத்தன. அந்தப் பயபக்தியினால்தான் பின்னாளில் லெமினேட் செய்யவும் ஓடினோம். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் செய்யும் லெமினேஷன் சூட்டினால் உருகிய பசையைத் தாளின் நார்களுக்குள் செலுத்திவிடுகிறது. அதைத் திரும்பப் பெறுவது அநேகமாக முடியாத காரியம். முயன்றாலும் கரைப்பான்கள் வேண்டும், அவற்றில் மையும் முத்திரையும் சேர்ந்து கரையக்கூடும்.

அந்த மனிதரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். கை வைக்கும் முன் ஒளிப்படத்தோடு எழுத்தில் ஒரு நிலை அறிக்கை தருவாரா? எந்த மை எந்தக் கரைப்பானில் கரைகிறது என்று ஓர் ஓரத்தில் சிறு துளியிட்டுச் சோதிப்பாரா? இந்த வேலையைச் செய்யாமல் விடுவது நல்லது என்று எப்போதாவது ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் முடியும் என்பவர் பேணுநர் அல்லர். இதற்கிடையில் இரு பக்கங்களையும் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, மூலத்தை வெளிச்சம் படாத உலர்ந்த அலுமாரியில் தட்டையாக வையுங்கள். விளிம்பைக் கத்தரிக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் அம்மன் கோயிலுக்கு அடுத்த வருடம் கும்பாபிஷேகம். மண்டபச் சுவரில் பாட்டன் காலத்து ஓவியங்கள் சில இருக்கின்றன, ஈரத்தில் உதிர்கின்றன. ஸ்தபதி அவற்றைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வரைவதாகச் சொல்கிறார். பரம்பரையாக வந்த கைத்தொழில்காரர், தமிழகத்தில் பயின்றவர். அவரை விடத் தகுதியானவர் யார் என்று நிர்வாக சபையில் கேட்கிறார்கள். (மாத்தளையிலிருந்து ஒரு அறங்காவலர்)

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை வாசித்தேன். ஸ்தபதியின் தகுதியில் எனக்கு ஐயமே இல்லை. மலைநாட்டிலேயே சான்று இருக்கிறது: 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேசுவராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பாசாரி, அந்தக் கல்வேலையைப் பார்த்தவர்களுக்கு அவருடைய மரபைப் பற்றி நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. ஆனால் இங்கே எழும் கேள்வி, யார் பெரியவர் என்பதன்று. எந்த வேலைக்கு யார் என்பதுதான்.

பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றத்தின் பேணல் குழு 1984இல் கொப்பன்ஹேகனில் இந்தத் தொழிலுக்கு ஒரு வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டது. கலைஞரிடமிருந்தும் கைவினைஞரிடமிருந்தும் பேணுநரை வேறுபடுத்தும் அடிப்படை அளவுகோலாக அது சொல்வது, பேணுநர் புதிய பண்பாட்டுப் பொருள் எதையும் ஆக்குவதில்லை என்பதையே. ஸ்தபதி ஆக்குகிறார், அதுவே அவருடைய தர்மம். தெய்வ உருவம் பின்னமானால் ஆகமம் புதிதாக்கச் சொல்கிறது, அதில் தவறும் இல்லை. பேணுநரோ, முன்னிருந்தவர் ஆக்கியதைத் தாமும் ஆக்க முனையாமல் நிலைநிறுத்துபவர். இந்த இரண்டு தர்மங்களும் ஒரே சுவரில் மோதும்போது, சபை தன் மனத்தில் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: அந்தச் சுவரில் இருப்பது வழிபடு மூர்த்தமா, அல்லது உங்கள் பாட்டன்மார் தம் கைக்காசைச் சேர்த்து வரைவித்த, இனி எவராலும் வரைய முடியாத ஒரு சாட்சியா? மூர்த்தம் என்றால் ஸ்தபதியின் சொல் மேலானது. சாட்சி என்றால் சுரண்டும் கரண்டி சுவரில் படக்கூடாது.

மூன்றாவது வழியும் உண்டு. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை யாராவது பார்த்தார்களா? கூரைத் தகரத்தின் பீலி உடைந்திருக்கலாம், பின்புற மண்மேடு சுவரோடு அணைந்திருக்கலாம், முந்தைய திருப்பணியில் வெளிப்பக்கம் சீமெந்து பூசியிருக்கலாம். நீர் வரும் வழியை அடைக்காமல் அதே சுவரில் புதிதாக வரைந்தால் அடுத்த கும்பாபிஷேகத்துக்கு முன்னரே அதுவும் உதிரும். ஸ்தபதிக்கும் அது மரியாதை இல்லை. எனவே முதலில் ஒரு பேணுநரை அழைத்து நிலை அறிக்கை மட்டும் பெறுங்கள். பரிகரணத்துக்கு, அதாவது கைவைத்துத் திருத்துவதற்கு அல்ல, அறிக்கைக்கு மட்டும். பின் ஸ்தபதியையும் அவரையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்துப் பேசச் செய்யுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், புராதன நினைவுச்சின்னம் என்பதற்கு 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வைத்தது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதன் பின்னர் எழுந்தவற்றில் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்டதாகப் பிரகடனம் செய்யப்பட்டவைக்கு மட்டும் அந்தக் காப்பு நீள்கிறது. தோட்டங்களோடு பிறந்த கோயில்கள், லயன்கள் என்ற தொழிலாளர் வீட்டு வரிசைகள், தேயிலை ஸ்டோர்கள் என்ற தொழிற்சாலைகள் எல்லாம் அந்தத் திகதிக்கு மறுபுறம் நிற்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? ஆகவே உங்கள் கோயில் அவ்வாறு பிரகடனம் செய்யப்பட்டதா என்பதைத் தொல்லியல் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் கேட்டறியுங்கள். பிரகடனம் இருந்தால் திணைக்களத்தின் அனுமதியின்றி எந்த மாற்றமும் செய்ய முடியாது. இல்லையென்றால், காக்கும் பொறுப்பு முழுவதும் சபையின் தலையில்தான்.

கேள்வி: நான் பண்டாரவளையில் முப்பது வருடங்களாக மேசன் வேலை செய்கிறேன். சுண்ணாம்புச் சாந்து குழைத்துப் பழைய பங்களாக்களையும் ஒரு தேவாலயத்தையும் திருத்தியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எனக்கும் ஏதாவது சான்றிதழ் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். தேசிய தொழிற்தகைமை முறையில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்கு இணையானது. இதில் முன்கற்றலை அங்கீகரித்தல் என்றொரு வழி உண்டு. வகுப்பறையில் உட்காராமல், ஏற்கெனவே செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்டித் தகைமை பெறும் வழி அது. உங்கள் மாவட்டத்திலுள்ள தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் மேசன் தொழிலுக்கு விண்ணப்பிப்பது பற்றி விசாரியுங்கள்.

இந்தச் சான்றிதழ் உங்களை மேசன் என்று சொல்லும், பேணுநர் என்று சொல்லாது. ஆனால் சுண்ணாம்பு தெரிந்த மேசன் இல்லாமல் மலைநாட்டில் எந்தக் கட்டடப் பேணுநரும் ஒன்றும் செய்துவிட முடியாது. கல்லும் களிமண்ணும் சுண்ணாம்பும் கொண்ட சுவர் மூச்சுவிடும். மழைக்காலத்தில் உள்வாங்கிய ஈரத்தை வெயிலில் வெளிவிடும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பாகப் பூத்து, கல்லையே பொடியாக்குகிறது. இதைப் புத்தகத்தில் வாசித்த பொறியியலாளர்கள் பலர் இருக்கிறார்கள். கையில் உணர்ந்த உங்களைப் போன்றவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்கிறீர்கள், மணல் எந்த ஆற்றில் எடுத்தது, என்ன விகிதம், கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பீர்களா, எந்த மாதத்தில் பூச மாட்டீர்கள் என்பவற்றை மகனையோ மகளையோ கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் கைப்பேசியில் படம் எடுங்கள். மதிப்பீட்டாளருக்கும் அது போதிய சான்றாகும். நாளை உங்களை ஒரு பேணல் திட்டத்தில் சேர்க்க நினைப்பவர் கேட்பதும் அதைத்தான். நாட்கூலியை விட அதிகமாகக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் பதினெட்டு வருடங்களாகப் பணியாற்றுகிறேன். செயலமர்வுகளில் கலந்துகொண்டு பெற்ற சான்றிதழ்கள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. ஆனாலும் ஒரு வெளிநாட்டு விண்ணப்பத்தில் "தொடர் தொழில் வளர்ச்சிக்குச் சான்று போதாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைவிட என்ன வேண்டும்? (கண்டியிலிருந்து)

பதில்: உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. மண்டபத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, மாலையில் குழுப்படம் எடுத்துக்கொண்டு, சான்றிதழை உறையில் இட்டு வருவதைத்தான் நம் நாட்டில் பயிற்சி என்று பழக்கியிருக்கிறோம். அவர்கள் கேட்பது வேறு. அந்த இருபது செயலமர்வுகளில் எதனால் உங்கள் கை மாறியது? முன்பு எப்படிச் செய்தீர்கள், இப்போது எப்படிச் செய்கிறீர்கள், அந்த மாற்றம் பொருளுக்கு என்ன செய்தது, அடுத்து எதைக் கற்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? இவற்றை எழுதினால் இரண்டு சான்றிதழ்கள் கூடப் போதும். எழுதாவிட்டால் இருநூறும் போதாது.

இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாமைக்கு இந்தத் தொழிலின் வரலாறே காரணம். 1930களில் அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர், நொறுங்கும் ஆவணங்களைச் செலுலோஸ் அசிட்டேட் படலத்துக்குள் வைத்துச் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டும் முறையைப் பரப்பினார். அது அக்காலத்தின் உயர்ந்த தொழில்நுட்பம். பெரிய ஆவணக் காப்பகங்கள் ஏற்றுக்கொண்டன. மின்சார இயந்திரத்துக்கு வழியில்லாத இடங்களுக்காக, அசிட்டோனைத் தடவிக் கையாலேயே ஒட்டும் முறையை இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் உருவாக்கியது. பல பத்தாண்டுகளின் பின்னர்தான், அந்தப் படலமே சிதைந்து அமிலத்தை உமிழ்கிறது, காக்க வந்ததே அரிக்கிறது என்பது தெளிவாயிற்று. கரையும் நைலோன் என்ற பொருளும் அவ்வாறே. உதிரும் வண்ணத்தை நிறுத்த அதைப் பூசினார்கள், கரைத்து அகற்றலாம் என்ற நம்பிக்கையில். காலம் செல்லச் செல்ல அது கரையாமல் இறுகித் தூசையும் பிடித்துக்கொண்டது. 1966 நவம்பரில் ஆர்னோ நதி பெருகி புளோரன்ஸ் நகர நூலகத்தை மூழ்கடித்தபோது உலகெங்குமிருந்து வந்து உழைத்த பேணுநர்கள், நனைந்த நூல்களைப் பற்றித் தாம் அதுவரை அறிந்தது எவ்வளவு சிறிது என்பதை அங்கேதான் கண்டார்கள். இன்றைய புத்தகப் பேணல் பெரும்பாலும் அந்தச் சேற்றிலிருந்து எழுந்தது. இவர்களில் யாரும் கவனக்குறைவானவர்கள் அல்லர். தம் காலத்தின் சிறந்த அறிவைக் கொண்டே செய்தார்கள். ஒருமுறை தகுதி பெற்றவர் ஆயுள் முழுவதும் தகுதியானவர் என்று விட்டுவிட முடியாமல், அங்கீகாரம் பெற்றவர்களையும் சில வருடங்களுக்கு ஒருமுறை அழைத்து, இடையில் என்ன கற்றீர்கள் என்று அமைப்புகள் கேட்பது இதனால்தான்.

என் கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு தோல்வி இருக்கிறது. பயிலுநராக இருந்த காலத்தில், நான் வேலை செய்த இடத்துக்கு ஒரு தோட்டத்துச் செக்ரோல் வந்தது. கறுப்பு மைதான் என்று எண்ணி, சோதிக்காமல் ஈரப் பஞ்சை வைத்தேன். ஓரத்தில் கணக்கப்பிள்ளை எழுதியிருந்த குறிப்புகள் மையல்ல. நாக்கில் தொட்டு எழுதும் ஊதாப் பென்சில். கண் முன்னாலேயே ஊதா நிறம் படர்ந்து ஐந்து பெயர்களை விழுங்கிவிட்டது. மேலதிகாரி மறைத்துவிடச் சொன்னார். நான் எழுதி வைத்தேன்: திகதி, பக்கம், என்ன செய்தேன், என்ன செய்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குப் பின்னர் நீர் தொடும் எந்த வேலைக்கு முன்னும், ஒவ்வொரு கையெழுத்தையும் தனித்தனியே சோதித்த குறிப்பு என் கோப்பில் இருக்கிறது. தொடர் வளர்ச்சிக்குச் சான்று என்றால் இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையிலுள்ள தொடர்பையே நான் காட்டுவேன். உங்களுக்கும் பதினெட்டு வருடங்களில் அப்படி ஒன்றாவது இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: இந்த அங்கீகாரமெல்லாம் மேற்கு நாட்டவர் தம் தொழிலைச் சுற்றிக் கட்டிய வேலியல்லவா? (பேராதனை மாணவர்)

பதில்: ஓரளவு உண்மை. மேற்கிலும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை: அமெரிக்கப் பேணல் நிறுவகத்தின் உறுப்பினர்கள் 2009இல் வாக்கெடுத்துச் சான்றிதழ்த் திட்டம் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். ஐரோப்பியச் சங்கங்களின் கூட்டமைப்போ முதுமாணி மட்டக் கல்வியை நுழைவாயிலாக வைக்க விரும்புகிறது. அந்த வாயிலில் பண்டாரவளை மேசன் நுழைய முடியாது. கட்டணமும் மொழியும் பயணச் செலவும் சேர்ந்தால் அது வேலிதான். ஆனால் வேலியில்லாத காட்டில் யார் மேய்கிறார்கள் என்பதை நுவரெலியா வாசகரின் கடிதம் காட்டுகிறது. என் நிலைப்பாடு இது: பட்டத்தைக் கொண்டு வடிகட்டும் முறையை விட, செய்த வேலையைக் கொண்டு அளக்கும் முறை நமக்குப் பொருந்தும். அதை நம் நாட்டிலேயே, மூன்று மொழிகளிலும் அமைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட லயன் வரிசையை இடித்துத் தனி வீடுகள் கட்டப் போகிறார்கள். அதைக் காக்க வேண்டும் என்று ஓர் இளைஞர் குழு சொல்கிறது, குடியிருப்பவர்கள் கோபப்படுகிறார்கள். பேணுநர் ஒருவர் எந்தப் பக்கம் நிற்பார்? (தலவாக்கலையிலிருந்து)

பதில்: பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய ஒரு குடும்பத்திடம் போய், உங்கள் கூரை மரபுரிமை, இடிக்காதீர்கள் என்று சொல்ல எந்தப் பேணுநருக்கும் உரிமை இல்லை. அப்படிச் சொல்பவரை நான் அங்கீகரிக்க மாட்டேன். ஒரு தலத்தின் பெறுமதி, அதோடு வாழ்வு பிணைந்தவர்களைக் கேட்ட பின்னரே தீர்மானிக்கப்பட வேண்டும் என்பது இன்றைய தொழில் நெறியில் ஒப்புக்கொள்ளப்பட்ட விடயம். மரபுரிமைத் தலங்களைப் பேணுவதற்காக 1979இல் அவுஸ்திரேலியாவில் உருவான பரா சாசனம் இதை வலியுறுத்துகிறது.

அதேவேளை இளைஞர்களும் பிழையல்லர். வீடு கட்டட்டும். இடிக்கும் முன் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். ஒவ்வொரு காம்பராவையும் அளந்து வரைபடம் எடுங்கள். அடுப்படிக் கரி, சுவரில் பூசிய நிற அடுக்குகள், சாமி படம் மாட்டிய ஆணி, கதவு நிலையில் பிள்ளைகளின் உயரம் குறித்த கோடு எல்லாவற்றையும் படம் எடுங்கள். குடியிருந்தவர்களின் சொல்லைப் பதியுங்கள். கம்பளைக்கு அருகே ஒரு பழைய லயனிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் குழு ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம். வரிசையின் ஒரு காம்பராவையாவது விட்டுவைக்கக் குடியிருப்பவர்கள் தாமாக இசைந்தால் நல்லது. இசையாவிட்டால் பதிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தப் பதிவுகளைத் தமிழில் எழுதினால் ஏற்றுக்கொள்வார்களா? எங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. (மீண்டும் ஹட்டன் வாசகி)

பதில்: தமிழில் எழுதுங்கள். வெளிநாட்டு விண்ணப்பம் என்று வரும்போது நான்கைந்து வேலைகளைத் தெரிந்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஆனால் பொருளின் முன் நின்று எழுதும் குறிப்பு, நீங்கள் சிந்திக்கும் மொழியில்தான் பிழையின்றி வரும். ஒரே நிலையை எப்போதும் ஒரே சொல்லால் குறிப்பது மட்டும் முக்கியம். உதிர்தல் என்றால் மை உதிர்வதா, தாளின் ஓரம் உதிர்வதா? கறை என்றால் நீர்க்கறையா, துருக்கறையா, தேத்தண்ணிக் கறையா? உங்களுக்கென ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். முன்னர் சொன்ன பன்னாட்டு அருங்காட்சியகங்கள் மன்றத்தின் பேணல் குழுவினரும் 2008இல் புதுடில்லியில் கூடித்தான் தடுப்புப் பேணல், பரிகரணப் பேணல், மீளமைப்பு என்ற மூன்றையும் பிரித்துப் பெயரிட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கும் சொற்கள் குழம்பிக் கிடந்தன.

வாசிகசாலைக்கு ஓர் ஈரமானி வாங்குங்கள், சிறியது போதும். காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள். ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டி நீடிக்கும் நாட்களில் பூஞ்சணத்துக்கு வழி திறக்கிறது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று இறங்கியதும் உங்கள் அலுமாரியில் அந்த எண் எங்கே நிற்கிறது என்பதை எனக்கு எழுதுங்கள். பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், அதற்கு முன் அவை இப்போது இருக்கும் இடத்தை ஒரு படம் எடுத்துத் திகதி போட்டுக்கொள்ளுங்கள்.